ஒரே நபர் சான்று

தக்கலை தாலுகா ஆபீசுக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடைக்கும் சர்பத் கடைக்கும் நடுவே
எனக்கொரு மேசை, ஒரு கணினி,
சளிபிடித்த பிரிண்டர்.

தேங்காப்பட்டணத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த
சபூரா பீவி
மஞ்சள் பையைக் கவிழ்த்தார்.
ஐந்து ஆண்கள் விழுந்தார்கள்.

ரேஷன் கார்டில் எஸ் இ ஒய் இ டி.
பள்ளிச் சான்றில் எஸ் ஒய் இ டி,
சம்பளத்தில் ஓரெழுத்து பிடித்தம் செய்ததுபோல.
வாக்காளர் அட்டைக்காரன் ஒரு ஐ-யைச் செருகியிருந்தான்.
பாஸ்போர்ட்டில் இரண்டு ஒய்.
ஜுபைல் கம்பெனி அட்டையில் ஒற்றை ஒய்.
பின்னால் வந்த மஸ்வூது
ஐந்திலும் அடங்கி நின்றது.
முன்னால் நின்ற செய்யிதுதான்
ஊர் ஊராய்ச் சட்டை மாற்றியிருக்கிறது.

பதினெட்டு வருஷத்துப் பாக்கிப் பணம்
இவர்களில் யாருக்கு என்று
கம்பெனி கேட்கிறது.

அரபியில் மூன்றே எழுத்தாம்.
நடு எழுத்தின் தலையில் ஒரு சின்னக் குறி:
இங்கே நாக்கை அழுத்து என்று.
மதரசா உஸ்தாது சொன்னதாகச் சொன்னார்.
ஆங்கில எழுத்துக்குத் தலையில் வைக்க ஒன்றுமில்லை,
அதனால் ஆளுக்கொரு விதமாய் இரட்டித்தார்கள்,
சிலர் மறந்தார்கள்.

எனக்கு இது புதிதல்ல.
நான் ரோஸ்லெட் பாய்.
சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வாத்தியார்
பி ஏ ஐ-க்குப் பதில் பி ஓ ஒய் போட,
மூன்று வருஷம்
அரசாங்கக் கணக்கில் பையனாய் இருந்தேன்.

கம்பெனிக் கடிதத்தின் தலைப்பில்
அஸ்ஸய்யித் என்றிருக்கிறதாம்.
"எங்க மாப்பிள வீட்டுக்காரங்க பரம்பரை
அவங்களுக்கும் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன்.
உஸ்தாது சிரிச்சாரு.
அங்க அது வெறும் 'திரு'வாம்.
பக்கத்து ரூம் கருங்கல் தங்கமணியண்ணனுக்கும்
அப்படித்தான் கடிதாசு வருமாம்,
அஸ்ஸய்யித் தங்கமணின்னு."
கொஞ்சம் நிறுத்தி,
"அப்ப அவரும் எங்க குடும்பமா?"
என்று கேட்டுவிட்டுச்
சிரித்தார், முந்தானையால் வாயைப் பொத்தி.
எனக்கும் சிரிப்பு வந்தது.
சர்பத் கடைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

மேற்படி ஐவரும் ஒருவரே என
இதனால் உறுதி கூறுகிறேன்.
அடித்தேன்.
ஒவ்வொரு செய்யிதுக்கும் கீழே
கணினி சிவப்பாய் ஒரு புழுவை நெளியவிட்டது.
ஒன்றுக்குத் திருத்தமும் சொன்னது:
எஸ் ஏ ஐ டி.
'சொன்னார்' என்று அர்த்தம்
என்றேன், வேலை அலுப்பில்.

"நீங்க எப்படி விளிப்பீங்க, இக்கா?"
"பேரு சொல்லி விளிச்சதே இல்ல, மக்ளே.
போன் எடுத்தா 'ஆங்' ம்பேன்.
அவருக்குத் தெரியும்."

கல்லில் எப்படி வெட்டினார்கள் என்று கேட்டேன்,
அதையும் இணைக்கலாம் என்று.
கல்லே இல்லையாம்.
அந்த மையவாடியில் யாருக்கும் பெயர் எழுதுவதில்லை,
வரிசை வரிசையாய் மணல் மேடு,
தங்கமணி போனில் படம் அனுப்பியிருக்கிறார்,
எது என்று அவருக்கும்
திட்டமாய்ச் சொல்லத் தெரியவில்லை.

பெயருக்கு முன்னால்
காலஞ்சென்ற
என்று சேர்த்தேன்.
அந்தப் பட்டத்துக்கு எழுத்துக்கூட்டல் தகராறு கிடையாது.

பத்திரம் இருமி இருமி வெளியே வந்தது.
கைநாட்டு இல்லை, கையெழுத்தே போட்டார்,
தன் பெயரை நிதானமாய், ஒரே விதமாய்.
நூறு ரூபாய் நீட்டினார்.
நான் சில்லறை தேட,

"சொன்னாருன்னியே," என்றார்.
"கடைசியா ஒண்ணும் சொல்லல்ல, கேட்டாரு.
அங்க மழ உண்டான்னு.
இல்லேன்னேன்.
நல்ல மழ அப்போ.
கொடியில துணி கெடந்துது,
ஓடணும்.
அதான் இல்லேன்னேன்."